எஞ்சின் எரிந்தது, ராக்கெட் ஏன் எழவில்லை? ஏவுதளப் பிடிகள் பற்றி ஒரு விளக்கம்

2023 அக்டோபர் 21 காலை, ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட்டான டிவி-டி1 ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்படத் தயாராக நின்றது. இன்னும் ஐந்து நொடிகள் இருக்கும்போது கவுண்ட்டவுன் நின்றுபோனது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே காலை 10 மணிக்கு அதே ராக்கெட் பழுதில்லாமல் எழுந்து சென்றது. முதலில் தோல்வி, பிறகு வெற்றி என்று செய்தி மாறியதே தவிர, நடுவில் நடந்தது என்ன என்பதைப் பெரும்பாலான செய்திகள் சொல்லவில்லை.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டது. மதுரையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தென்மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு ராக்கெட் செய்தி இனி உள்ளூர்ச் செய்தி. அதனால் ‘கடைசி நொடியில் நிறுத்தம்’ என்ற தலைப்பைப் பார்த்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். ராக்கெட் எரியத் தொடங்குவது ஒரு முடிவு; அதை எழவிடுவது இன்னொரு முடிவு. இந்த இரண்டுக்கும் இடையே சில நொடி இடைவெளியை உண்டாக்கித் தருவதற்காகத்தான் ஏவுதளத்தில் பிடித்துவைக்கும் கருவிகள் இருக்கின்றன. எல்லா ராக்கெட்டுக்கும் அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

முதலில் சில சொற்கள்

எஞ்சின் ராக்கெட்டை மேலே தள்ளும் விசைக்கு உந்துவிசை என்று பெயர். அதை நியூட்டனில் அளப்பது முறை. இங்கே புரிதலுக்காக டன் கணக்கிலேயே சொல்கிறேன். 100 டன் உந்துவிசை என்றால் 100 டன் எடையை அந்தரத்தில் தாங்கி நிறுத்தும் விசை.

உந்துவிசை எடையைவிடக் குறைவாக இருக்கும்வரை ராக்கெட் தரையில் நிற்கும். அதிகமானால் எழும். எவ்வளவு அதிகமோ, அந்த மிச்சம்தான் ராக்கெட்டை முடுக்குகிறது. பெரிய ராக்கெட்டுகளில் இந்த மிச்சம் புறப்படும் நேரத்தில் மிகப் பெரிதாக இருப்பதில்லை. நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 2,900 டன். உந்துவிசை ஏறத்தாழ 3,400 டன். மிச்சம் 500 டன்.

அந்த 500 டன்னை எதிர்த்து ராக்கெட்டைத் தரையோடு பிடித்துக்கொள்ளும் கருவியைப் பிடிகரம் என்று அழைப்போம். சாட்டர்ன் 5-ன் அடியில் இப்படி நான்கு கரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 125 டன் மேல்நோக்கிய இழுவையைத் தாங்க வேண்டும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. காற்றும் அதிர்வும் சேர்ந்தால் இது இன்னும் கூடும். பொறியாளர்கள் அதற்கும் இடம் வைத்தே கரங்களை வடிவமைப்பார்கள்.

ஏன் பிடித்துவைக்க வேண்டும்?

1. திரவ எரிபொருள் எஞ்சின் பொத்தானை அழுத்தியதும் முழு விசைக்கு வருவதில்லை. பம்புகள் சுழன்று வேகமெடுக்க வேண்டும், வால்வுகள் வரிசைப்படி திறக்க வேண்டும், எரியறையில் அழுத்தம் ஏற வேண்டும். சாட்டர்ன் 5-ல் புறப்பாட்டுக்கு 8.9 நொடிகள் முன்பே பற்றவைக்கும் வரிசை தொடங்கிவிடும். ஐந்து எஞ்சின்களும் ஒரே நேரத்தில் பற்றவைக்கப்படவில்லை. முதலில் நடுவில் உள்ளது, பிறகு எதிரெதிரே இருக்கும் இரண்டு, அடுத்து மீதி இரண்டு என்று சிறு இடைவெளிவிட்டுப் பற்றவைத்தார்கள். எல்லாம் ஒரே கணத்தில் வெடித்தெழுந்தால் அந்த அதிர்ச்சியை ராக்கெட்டின் உடல் தாங்காது.

2. பல எஞ்சின்கள் இருந்தால் எல்லாம் ஒரே அளவில் தள்ள வேண்டும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வடம் இறுகி மறு வடம் தளர்ந்திருக்கும்போது சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்தால் தேர் நேராகப் போகாது, ஒரு பக்கமாக இழுபடும். இரண்டு வடமும் இறுகிய பிறகே கட்டையை எடுக்க வேண்டும். ராக்கெட்டிலும் அதே நியாயம்தான். ஒரு எஞ்சின் பலவீனமாக இருக்கும்போது விடுவித்தால் அது சாய்ந்து ஏவுகோபுரத்தில் மோதும், அல்லது மேலே போய்த் திசை தவறும்.

3. காற்று. ராக்கெட்டுகள் உயரமானவை, மெல்லிய சுவர் கொண்டவை. எரிபொருள் நிரப்புவதற்கு முன் உள்ளே காலியாக, மிக லேசாக நிற்கும். கடற்கரையில்தான் பெரும்பாலான ஏவுதளங்கள் இருக்கின்றன. பக்கவாட்டுக் காற்று தள்ளும்போது ஒரு பக்கத்து அடி தூக்கப் பார்க்கும். அந்த நேரத்திலும் அடியில் பிடிப்பு வேண்டும்.

இந்த மூன்றில் முதலிரண்டும்தான் செய்தியாகின்றன. ஏனென்றால் எரியும் எஞ்சினைச் சோதித்து, சரியில்லை என்றால் அணைக்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. அணைக்க முடிந்தால்தான் பிடித்துவைப்பதில் பயன் உண்டு. இந்த நிபந்தனையிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன.

திரவமா, திடமா?

திரவ எரிபொருளில் எரிபொருளும் அதை எரியவைக்கும் பொருளும் தனித்தனித் தொட்டிகளில் இருக்கும். வால்வை மூடினால் தீ அணைந்துவிடும். திட எரிபொருளில் இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்பட்டு, கெட்டியாகி, உறைக்குள்ளேயே இருக்கும். பற்றிக்கொண்டால் தீரும்வரை எரியும். நிறுத்தும் வால்வு எதுவும் அதில் இல்லை. முழு விசைக்கு வர அது நொடிகள் கூட எடுத்துக்கொள்ளாது.

எனவே, தரையில் முதலில் பற்றவைக்கப்படுவது திட எரிபொருள் என்றால், பற்றவைத்த பிறகு பிடித்துவைத்துச் சோதிப்பதில் அர்த்தமில்லை. சோதனையில் தோற்றாலும் அணைக்க முடியாது. பிடித்தே வைத்திருந்தால் ஏவுதளத்தையே எரித்துவிடும். அந்த ராக்கெட்டுக்குப் பற்றவைப்பதும் புறப்படுவதும் ஒரே முடிவு.

இந்திய ராக்கெட்டுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் படம் தெளிவாகிறது.

பி.எஸ்.எல்.வி-யின் முதல் நிலை (ஒன்றன்பின் ஒன்றாக எரியும் அடுக்குகளில் முதலாவது) திட எரிபொருள். எல்.வி.எம்.3, அதாவது சந்திரயான் 3-ஐக் கொண்டுசென்றது, பக்கவாட்டில் இணைத்த இரண்டு பெரிய திட உந்திகளோடுதான் தரையை விட்டு எழுகிறது. நடுவில் உள்ள திரவ எஞ்சின்கள் புறப்பட்டு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும்போது வானில்தான் பற்றவைக்கப்படுகின்றன. எஸ்.எஸ்.எல்.வி-யின் மூன்று முக்கிய நிலைகளும் திட எரிபொருளே. இவற்றில் எதற்கும் ‘எரிந்தும் எழாத’ நிலை கிடையாது.

விதிவிலக்கு ஜி.எஸ்.எல்.வி. அதன் நடுத் தண்டு திட எரிபொருள். சுற்றிலும் நான்கு திரவ உந்திகள். புறப்பாட்டுக்கு 4.8 நொடிகள் முன்னால் அந்த நான்கும் பற்றவைக்கப்படும். நான்கும் சரியாக இயங்குகின்றன என்று கணினி உறுதிசெய்த பிறகே நடுத் தண்டு பற்றவைக்கப்படும். வடிவமைப்பிலேயே இடைவெளியை உண்டாக்கிக்கொண்ட ராக்கெட் இது.

அந்த இடைவெளி முதல் பயணத்திலேயே கைகொடுத்தது. 2001 மார்ச் 28 அன்று ஜி.எஸ்.எல்.வி-டி1 புறப்பட இருந்தது. நான்கு உந்திகளும் எரிந்தன. ஒன்று மட்டும் தேவையான விசைக்கு வரவில்லை. புறப்பாட்டுக்கு ஒரு நொடி முன்னால் கணினி எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. நடுத் தண்டு பற்றவைக்கப்படவில்லை. ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. பழுதைச் சரிசெய்து, அடுத்த மாதம் 18-ஆம் தேதி அதே ராக்கெட்டை ஏவினார்கள். அன்று நேரலையில் புகையைப் பார்த்தவர்களுக்கு அது விபத்தாகத் தெரிந்திருக்கும். உண்மையில் இந்திய விண்வெளி வரலாற்றில் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவுகளில் ஒன்று அது என்பது என் கருத்து. அந்த ஒரு நொடியில் கணினி கண்டுபிடிக்காமல் போயிருந்தால் நடுத் தண்டு பற்றியிருக்கும். அதன்பின் யாராலும் எதையும் நிறுத்தியிருக்க முடியாது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 400 டன். நான்கு திரவ உந்திகளும் சேர்ந்து தரும் விசை ஏறத்தாழ 280 டன். நடுத் தண்டு பற்றாதவரை அந்த நான்கால் ராக்கெட்டைத் தூக்கவே முடியாது. அதன் சொந்த எடையே அதைத் தரையில் அழுத்திவைக்கும் பிடி. ஐரோப்பாவின் ஏரியான் 5-ம் இதே வழியில்தான் இயங்கியது. அதன் முக்கிய எஞ்சின் தரையில் ஏழு நொடிகள் எரிந்து சோதிக்கப்பட்ட பிறகே பக்கத்துத் திட உந்திகள் பற்றவைக்கப்பட்டன. அந்த எஞ்சினின் விசை சுமார் நூறு டன். ராக்கெட்டின் எடையோ 700 டன்னுக்கும் மேல். இரும்புக் கரத்தின் வேலையை எடையே செய்துவிட்டது.

எப்படி விடுவிக்கிறார்கள்?

பிடிப்பதைவிட விடுவது கடினம். நூற்றுக்கணக்கான டன் இழுவையில் விறைத்து நிற்கும் இரும்புக் கரம், கட்டளை வந்ததும் கண் இமைக்கும் நேரத்துக்குள் விலக வேண்டும். எல்லாக் கரங்களும் ஒன்றாக விலக வேண்டும். ஒன்று தாமதித்தால் ராக்கெட் அந்தப் பக்கம் சாயும். அதே சமயம், கட்டளை வராதவரை ஒன்றுகூட அசையக் கூடாது. எதிரெதிரான இந்த இரண்டு தேவைகளையும் பல வழிகளில் தீர்த்திருக்கிறார்கள்.

*நெம்புகோல் கரம்.* சாட்டர்ன் 5 இந்த வகை. கரத்தின் மூட்டு இணைப்புகள் நேர்க்கோட்டுக்கு மிக அருகில் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். மேலே எவ்வளவு இழுத்தாலும் பெரும்பகுதி விசை இணைப்பின் நீளவாக்கில்தான் போகும். பூட்டை விலக்கச் சிறு விசையே போதும். அந்தச் சிறு விசையை அழுத்தப்பட்ட வாயு தரும். வாயு ஏமாற்றினால் வெடிமருந்து மாற்று ஏற்பாடாகக் காத்திருக்கும்.

ஆனால் கரம் விலகியதோடு சாட்டர்ன் 5-ல் வேலை முடியவில்லை. எஞ்சின் மேலே தள்ள, கரம் கீழே பிடிக்க, ராக்கெட்டின் உடல் விறைத்து நிற்கிறது. திடீரென்று விட்டால் அந்த விறைப்பு தளர்ந்து உடல் முழுவதும் நெடுக அதிரும். நூற்றுப் பத்து மீட்டர் உயரத்தின் உச்சியில் மூன்று மனிதர்கள் இருக்கிறார்கள். இதைத் தணிக்கக் கண்டுபிடித்த வழியைப் பொறியியலின் அழகான தீர்வுகளில் ஒன்றாகவே சொல்வேன். கூம்பாகச் சீவிய உலோக முளைகளை ஏவுமேடையில் பொருத்தினார்கள். அந்த முளையைவிடச் சற்றே சிறிய துளையுள்ள அச்சுகளை ராக்கெட்டோடு இணைத்தார்கள். ராக்கெட் எழும்போது முளைகள் அந்தத் துளை வழியே இழுபட்டு நசுங்கி நீளும். முதல் 15 சென்டிமீட்டர் தூரத்துக்கு இந்த எதிர்ப்பு இருக்கும். பிறகு முளை வெளியே வந்துவிடும். அதிகபட்சம் 16 முளைகள் வரை பயன்படுத்தினார்கள். நகரும் பாகம் எதுவும் இல்லை, மின்சாரம் இல்லை, கட்டளை தேவையில்லை. உலோகம் நசுங்க எடுத்துக்கொள்ளும் விசையே ராக்கெட்டை மெல்ல எழவைத்தது.

*வெடிக்கும் நட்டு.* அமெரிக்காவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) எட்டுப் பெரிய போல்ட்டுகளால் மேடையோடு முறுக்கப்பட்டிருந்தது. திட உந்தி ஒவ்வொன்றுக்கும் நான்கு. போல்ட்டின் நீளம் 71 சென்டிமீட்டர், தடிமன் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த நட்டு, வெடிமருந்தால் இரண்டாகப் பிளக்கும்படி செய்யப்பட்டிருந்தது. நட்டு பிளந்ததும் போல்ட் கீழே பாய்ந்து விழும். அதன் வேகத்தைத் தணிக்க அடியில் மணல் நிரப்பிய அமைப்பு வைத்திருந்தார்கள்.

விண்வெளி ஓடத்திலும் எடையே பெரும் பிடியாகத்தான் இருந்தது. ஓடத்தின் மொத்த எடை 2,000 டன்னுக்கும் மேல். மூன்று திரவ எஞ்சின்களும் சேர்ந்து ஏறத்தாழ 550 டன் விசைதான் தந்தன. பிறகு எட்டுப் போல்ட்டுகள் எதற்கு? அந்த எஞ்சின்கள் நடு அச்சில் இல்லை, ஒரு பக்கமாக இருந்தன. புறப்பாட்டுக்கு 6.6 நொடிகள் முன்னால் அவை பற்றிக்கொண்டதும் முழு அமைப்பும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து வளையும். பெரிய எரிபொருள் தொட்டியின் உச்சி ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நகரும். பிறகு அது மீண்டும் நேராக வரும் நேரத்தைக் கணக்கிட்டு, அதே கணத்தில் திட உந்திகளைப் பற்றவைத்து நட்டுகளையும் வெடித்தார்கள். போல்ட்டுகள் தாங்கியது மேல்நோக்கிய இழுவையை அல்ல, கவிழ்க்கப் பார்க்கும் விசையை.

இந்த முறையின் பலவீனமும் பதிவாகியிருக்கிறது. சில பயணங்களில் போல்ட் சுத்தமாகக் கீழே விழாமல் துளையில் உரசிக்கொண்டு நின்றது. 2002 அக்டோபரில் எஸ்.டி.எஸ்-112 பயணத்தில் முதன்மை வெடி மின்சுற்று வேலையே செய்யவில்லை. மாற்றுச் சுற்று வெடித்ததால் ஓடம் விடுபட்டது. இரண்டு சுற்றுகள் வைப்பது வீண் செலவு என்று யாராவது அதற்கு முன் நினைத்திருந்தால், அன்றைக்குப் பதில் கிடைத்திருக்கும்.

*எடைக்கற்கள்.* ரஷ்யாவின் சோயூஸ் முற்றிலும் வேறு வழி. ராக்கெட்டை அடியில் தாங்காமல், இடுப்பில் நான்கு இரும்புச் சட்டங்களால் ஏந்தி, தீக்குழிக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். ராக்கெட்டின் எடை இறங்கியிருக்கும்வரை அந்தச் சட்டங்கள் மூடியே இருக்கும். உந்துவிசை எடையைத் தாண்டி ராக்கெட் எழத் தொடங்கியதும் சட்டங்களின் மேலிருந்த பாரம் நீங்கும். மறுமுனையில் உள்ள எடைக்கற்கள் அவற்றை வெளிப்பக்கமாக விரித்துவிடும். விரியும் தோற்றத்தால் அதற்கு துலிப் மலரின் பெயரே வந்துவிட்டது. வெடிமருந்து இல்லை, கணினிக் கட்டளை இல்லை. எழுவது ராக்கெட், விடுவிப்பதும் ராக்கெட்தான். 1957-ல் ஸ்புட்னிக்கைக் கொண்டுசென்ற ராக்கெட்டின் குடும்பம் இன்றும் இதே முறையில் புறப்படுகிறது என்பதே அதன் நம்பகத்துக்குச் சான்று.

எஞ்சின்களைத் தரையில் பிடித்துச் சோதிப்பதை இன்று வழக்கமாகவே ஆக்கிவிட்டது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட். 2012 மே 19 அன்று அதன் ஒன்பது எஞ்சின்களும் எரிந்த பிறகு, ஐந்தாம் எஞ்சினின் எரியறை அழுத்தம் வரம்பைத் தாண்டியதைக் கணினி கண்டது. புறப்பாட்டுக்கு அரை நொடி இருக்கும்போது எல்லாவற்றையும் அணைத்தது. ஒரு வால்வை மாற்றி, மூன்றாம் நாள் ஏவினார்கள். அந்தப் பயணத்தில்தான் தனியார் விண்கலம் ஒன்று முதன்முறையாகச் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தது.

கம்பிகளும் விடுபட வேண்டும்

ராக்கெட்டைத் தரையோடு இணைப்பவை கரங்கள் மட்டுமில்லை. மின்சாரம், தகவல், எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் கம்பிகளும் குழாய்களும் கடைசிக் கணம் வரை ஒட்டியிருக்கும். இவை கழலும் வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பழைய பாடங்கள் இருக்கின்றன.

1960 நவம்பர் 21. அமெரிக்காவின் மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1, ஆளில்லாத சோதனை. கட்டுப்பாட்டுக் கம்பி முதலிலும் மின்தரைக் கம்பி பிறகும் கழல வேண்டும். கட்டுப்பாட்டுக் கம்பி தேவையைவிட நீளமாக இருந்ததால் வரிசை மாறிவிட்டது. வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் மூன்று பங்குதான். அந்தக் கணத்தில் தவறான வழியில் பாய்ந்த மின்னோட்டம் எஞ்சினை அணைத்துவிட்டது. பத்து சென்டிமீட்டர் எழுந்த ராக்கெட் மீண்டும் மேடையிலேயே இறங்கி நின்றது. எரிபொருள் நிறைந்த ராக்கெட் அது. கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கவிழாமல் நின்றது அதிர்ஷ்டம்.

1965 டிசம்பர் 12. ஜெமினி 6ஏ, உள்ளே வால்டர் ஷிரா, தாமஸ் ஸ்டாஃபர்ட் என்ற இரு வீரர்கள். எஞ்சின் எரிந்த ஒரு நொடிக்குள் அடியில் இருந்த ஒரு இணைப்பு, நேரத்துக்கு முன்பே அதிர்வில் கழன்று விழுந்தது. புறப்பட்டாகிவிட்டது என்று கலத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ராக்கெட்டோ நகரவில்லை. இந்த முரண்பாட்டைக் கண்ட பாதுகாப்பு அமைப்பு எஞ்சினை அணைத்தது. விதிப்படி வீரர்கள் வெளியேற்ற இருக்கையை இயக்கியிருக்கலாம். ஷிரா உடலில் எந்த அசைவையும் உணரவில்லை. ராக்கெட் இன்னும் போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டுத்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து அமர்ந்தே இருந்தார். பிறகு ஆராய்ந்தபோது, எஞ்சினுக்குள் ஒரு பிளாஸ்டிக் தூசு மூடி எடுக்கப்படாமல் இருந்ததும் தெரியவந்தது. மூன்று நாள் கழித்து அதே ராக்கெட் அவர்களைக் கொண்டுசென்றது.

அணைத்த பிறகும் ஆபத்து நீங்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1984 ஜூன் 26 அன்று டிஸ்கவரி ஓடத்தின் முதல் பயணம் எஞ்சின் எரிந்த பின் நிறுத்தப்பட்டது. கசிந்த ஹைட்ரஜன் மேடையில் எரிந்தது. ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாது. வீரர்களை உடனே இறக்காமல், மேடையின் மேல் தண்ணீரைப் பாய்ச்சிய பிறகே வெளியே கொண்டுவந்தார்கள்.

பிடி தவறினால்

2024 ஜூன் 30 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் கொங்யி நகரில் நடந்தது இதற்கு நேரடிச் சான்று. தியான்லோங் 3 என்ற தனியார் ராக்கெட்டின் முதல் நிலையைத் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதித்தார்கள். உந்துவிசை 820 டன். ராக்கெட்டையும் சோதனை மேடையையும் இணைத்த பகுதி முறிந்தது. பறக்கவே கூடாத ராக்கெட் பறந்துவிட்டது. அதன் கணினி எஞ்சின்களை அணைக்க, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் விழுந்து வெடித்தது. உயிரிழப்பு இல்லை என்று அறிவித்தார்கள்.

பலரும் இதைப் பார்த்து, ‘ஏவும்போதே தாங்கும் பிடி சோதனையில் எப்படி முறியும்?’ என்று கேட்டார்கள். சோதனையில்தான் சுமை அதிகம் என்பதே பதில். ஏவும்போது முதல் நிலையின் மேல் மற்ற நிலைகளும் செயற்கைக்கோளும் உட்கார்ந்து அழுத்துகின்றன. தனி நிலையைச் சோதிக்கும்போது அந்த எடை கிடையாது. ஏவும்போது பிடித்துவைப்பது சில நொடிகள். சோதனையில் இன்னும் நீண்ட நேரம் பிடிக்க நேரலாம். அவ்வளவு விசைக்கு நொடிக்கு ஏறத்தாழ மூன்று டன் எரிபொருள் செலவாகும். ஒவ்வொரு நொடியும் ராக்கெட் இலேசாகிக்கொண்டே போக, மேல்நோக்கிய இழுவை கூடிக்கொண்டே போகும்.

நம் பக்கத்தில் இந்த வேலை நடக்கும் இடம் மகேந்திரகிரி. மதுரையிலிருந்து நான்கு வழிச் சாலையில் நெல்லை தாண்டி, வள்ளியூர், பணகுடி என்று கன்னியாகுமரி நோக்கிப் போனால் மேற்கே தெரியும் மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. விகாஸ் என்ற திரவ எஞ்சின்களும், மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களும் அங்கேதான் எரித்துச் சோதிக்கப்படுகின்றன. விடுவிப்பது என்ற பேச்சே அங்கே இல்லை. எஞ்சின் இறுகக் கட்டப்பட்டிருக்கும். எவ்வளவு தள்ளுகிறது என்பதை விசை அளக்கும் கருவிகள் பதிவுசெய்யும். ஏவுதளத்தில் சில நொடிகளில் முடிந்துவிடும் சோதனையின் நீண்ட வடிவம் அது.

குலசேகரப்பட்டினத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

குலசேகரப்பட்டினம் முதலில் எஸ்.எஸ்.எல்.வி-க்காகத் திட்டமிடப்பட்ட தளம். அங்கிருந்து நேராகத் தெற்கே ஏவலாம். இலங்கையைச் சுற்றிப் போக வளைய வேண்டியதில்லை. சிறிய ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் மிச்சம் பெரியது.

34 மீட்டர் உயரம், 120 டன் எடை, மூன்று திட நிலைகள் கொண்ட எஸ்.எஸ்.எல்.வி-க்கு மேலே சொன்ன இடைவெளி கிடையாது. எனவே அங்கிருந்து ‘கடைசி நொடியில் நிறுத்தம்’ என்று செய்தி வந்தால், எதுவும் பற்றவைக்கப்படவில்லை என்றே பொருள். எல்லாச் சோதனைகளும் பற்றவைப்பதற்கு முன் முடிந்தாக வேண்டும்.

நிலைமை மாறவும் கூடும். சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனம் திரவ எஞ்சின் கொண்ட தன் சோதனை ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது; அதற்கு முன் அந்த முயற்சி சிலமுறை நிறுத்தப்பட்டது. இத்தகைய ராக்கெட்டுகள் தெற்கே வந்தால் அவற்றுக்கேற்ற ஏற்பாடுகளும் வேண்டும். அரசும் 2024 செப்டம்பரில் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. அதன் முதல் நிலை மீண்டும் பயன்படுத்தத்தக்க, பல திரவ எஞ்சின்கள் கொண்ட நிலை. அதற்காக ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஒரே நேரத்தில் தரையில் எரியும் திரவ எஞ்சின் கூட்டத்தைச் சோதித்து விடுவிப்பது இந்தியாவுக்குப் புதிய வேலை. எஞ்சின் பற்றி வரும் செய்திகளோடு, அந்தப் பிடிகரங்கள் பற்றியும் இஸ்ரோ விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

செய்தியைப் படிக்கும்போது

நிறுத்தப்பட்ட புறப்பாடு பற்றிய எந்தச் செய்தியிலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடலாம்.

1. தரையில் முதலில் பற்றவைக்கப்படுவது திரவமா, திடமா? திடம் என்றால், நிறுத்தம் கட்டாயம் பற்றவைப்பதற்கு முன்புதான் நடந்திருக்கும்.

2. எஞ்சின் எரிந்ததா, இல்லையா? டிவி-டி1 அன்று நின்றபோது எஞ்சின் எரியவில்லை. அதனால் சீக்கிரமே மீண்டும் முயல முடிந்தது. எரிந்து அணைந்திருந்தால் எஞ்சினைத் திரும்ப ஆராய வேண்டும். நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஆகும்.

3. நிறுத்தியது யார்? கணினியே நிறுத்தியது என்றால் ஏதோ ஒரு அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது. எந்த அளவு என்பது அடுத்த சில நாள்களில் வெளிவரும். அந்தத் தகவல் வருவதற்கு முன் ‘தோல்வி’ என்று தலைப்பிடுவது தவறு.

குலசேகரப்பட்டினத்திலிருந்து இரவில் ராக்கெட் எழுந்தால் மதுரையிலிருந்தும் தெற்கு வானில் அதன் ஒளி தெரிய வாய்ப்புண்டு. பூமியின் வளைவால், அது நம் அடிவானத்துக்கு மேலே வருவதற்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்க வேண்டும். விடுவிக்கும் கணத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் நேரலையைத்தான் நம்ப வேண்டும்.